பாஸ்பேட் 0.41லிருந்து 0.08: நைட்ரேட்டைக் கூட்டித்தான் இறக்கினேன்

நேற்று ராத்திரி என் கடல்நீர்ப் பவளத் தொட்டித் தண்ணீரைச் செக்கரில், அதாவது பாஸ்பரஸ் அளக்கும் சின்னக் கருவியில் வைத்தேன், 27 வந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு சோதனைப் பொடிப் பாக்கெட் உடைத்துப் பார்த்தேன், 28. நாலு மாதத்துக்கு முன் இதே தொட்டியில் 134. கருவி காட்டுவது பாஸ்பரஸ் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு). அதை 3.066ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், 0.41 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பாஸ்பேட் 0.08க்கு வந்திருக்கிறது. சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

பெங்களூர் அல்சூர் வீட்டு ஹாலில் இருக்கும் தொட்டிதான். வடிகட்டும் துணைத் தொட்டியான ஸம்ப்போடு சேர்த்து நிகரமாக 200 லிட்டர் தண்ணீர். ஜோவா, காளான், ஒரு பெரிய லெதர் என்று எல்லாம் கல் எலும்பில்லாத மென்பவள வகைகள். திட்டு கட்டும் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அந்தப் பக்கம் நான் போவதே இல்லை.

முதலில் நைட்ரேட் 40 பிபிஎம்மில் நின்றது. அதைத் தின்னும் பாக்டீரியாவுக்குத் தீனியாக வினிகர் ஊற்ற ஆரம்பித்தேன், ரெண்டு மாதத்தில் பூஜ்யம். ஆனால் பாஸ்பேட் அசையவே இல்லை. லெதர் மூடிக்கொண்டது, மணல் மேல் பழுப்புச் சளி நூல் நூலாகக் குமிழியோடு எழும்பியது. ஜிஎஃப்ஓ, அதாவது பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளைப் பையில் போட்டேன். 0.2க்கு இறங்கும், பையை எடுத்த ஒரு வாரத்தில் திரும்ப 0.35. பாறைதான் காரணம். சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் குறையக் குறைய வெளியே விடும். பழைய தொட்டிக்காரர் ஒருவரிடம் மலிவாக வாங்கிய உலர்பாறை அது, எத்தனை வருடத் தீனி ஊறியதோ.

பாக்டீரியாவுக்கு நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. கடல் விஞ்ஞானி ரெட்ஃபீல்ட் சொன்ன கணக்கு, 16 நைட்ரஜன் அணுவுக்கு ஒரு பாஸ்பரஸ். எடையில் சொன்னால் நைட்ரேட் பத்துக்குப் பாஸ்பேட் ஒன்று. நைட்ரஜன் தீர்ந்துபோன தண்ணீரில் எவ்வளவு வினிகர் ஊற்றினாலும் பாஸ்பேட்டை எடுக்க ஆள் இல்லை. சோடியம் நைட்ரேட் வாங்கினேன். 200 லிட்டரில் 1 பிபிஎம் ஏற்ற 274 மில்லிகிராம். தினமும் ஒரு பிபிஎம் போட்டும் பதினெட்டு நாள் நைட்ரேட் சோதனைக் கிட்டில் நிறமே வரவில்லை, அத்தனையும் அன்றன்றே போய்விட்டது. வினிகரை நிறுத்தவில்லை. நுரையோடு அழுக்கை வெளியேற்றும் ஸ்கிம்மரின் கோப்பையில் கஷாயம் மாதிரிக் கறுப்பாக இறங்க ஆரம்பித்ததும்தான் செக்கர் எண் கீழே வந்தது.

செக்கரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் ஒரே சாயங்காலம் எடுத்த மூன்று அளவு 118, 134, 97. இப்படி ஆடினால் எதை நம்பி மருந்து போடுவது? குற்றவாளி பொடி. பாக்கெட் மடிப்பில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டாலும் எண் குறைந்துவிடும். இப்போது மேசையில் நாலு தட்டு தட்டி, கத்தரியால் ரெண்டு பக்கமும் வெட்டி, கடலைப் பொட்டலம் மாதிரி கூம்பாக்கி, குப்பி வாய்க்குள் சாய்த்துச் சுண்டிக்கொண்டே இருப்பேன். வெளிச்சத்தில் பாக்கெட்டைப் பார்த்து ஒரு துகளும் இல்லை என்றால்தான் மூடி. அப்புறம் ரெண்டு நிமிடம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துவது. வேகமாகக் குலுக்கினால் நுண்குமிழி சுவரில் ஒட்டி அளவைக் கெடுக்கும். பூஜ்யம் வைப்பதற்கும் அளப்பதற்கும் ஒரே குப்பி, அதே பக்கம் முன்னால், கண்ணாடி துடைக்கும் துணியால் விரல்ரேகை போகத் துடைத்து வைத்து, மூன்று நிமிடக் கவுண்ட்டவுன். இதற்குப் பிறகு ரெண்டு அளவுக்கு நடுவில் மூன்று நாலு பிபிபிக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. பழைய பதிவேட்டில் பாதியை அடித்துவிட்டேன்.

தண்ணீர் இங்கே தனித் தலைவலி. காவேரி வராத நாளில் டேங்கர், அது போர்வெல் தண்ணீர். ஆர்ஓ சவ்வைத் தாண்டியும் நைட்ரேட் கொஞ்சம் வருகிறது, அந்த மிச்சத்தைப் பிடிக்கும் டிஐ ரெசின் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. சென்னை நண்பர் கடலிலேயே கேன் கேனாகப் பிடித்துவருகிறார், நமக்குக் கடல்நீர் கலக்கும் உப்புப் பாக்கெட்தான் கதி. சிவாஜிநகர்ப் பக்கத்துக் கடைக்காரர், “அண்ணா, ரெசின் மொத்தமா எடுங்க, விலை போட்டுத் தரேன்” என்றார். அடுத்த சம்பளத்தில் அஞ்சு லிட்டர் எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

நைட்ரேட், பாஸ்பேட்டை உறிஞ்சி வளரும் கீட்டோ பாசிக்கு ஸம்ப்பில் ஓர் அறை ஒதுக்கி, அது வளரச் சிவப்பு விளக்குக்கும் சொல்லியாகிவிட்டது. அது வரும்வரை சோடியம் நைட்ரேட்டை நாள் விட்டு நாள் ஆக்கியிருக்கிறேன். நைட்ரேட் இப்போது 5. சளி முக்கால்வாசி போய்விட்டது, வடமூலையில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் இருக்கிறது. லெதர் இன்று காலை முழுக்க விரிந்தது.