ஒரு பாட்டில் ரம்மும் ஒரு குமரிச் சந்தையும்

வீட்டிலேயே காக்டெயில் கலந்து பழக நினைக்கிறவர்கள் முதலில் பாட்டிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த ரம் நல்லது, எந்த ஜின் வாங்கலாம், அந்த நீல நிற சிரப் எங்கே கிடைக்கும், இப்படி. நான் சொல்வது வேறு. பாட்டில் ஒன்று போதும், மற்றதெல்லாம் சந்தையில் இருக்கிறது, அதிலும் கன்னியாகுமரி மாவட்டத்துச் சந்தைகளில் ஒரே நாளில் கைக்குக் கிடைக்கிற அளவுக்குத் தமிழ்நாட்டில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. மாசிக் கடைசியில் குலசேகரம் பக்கம் நண்பர் வீட்டில் தங்கி, பகலெல்லாம் பேருந்தில் சுற்றிவிட்டு, சாயங்காலம் சமையலறையில் நின்று கலந்து பார்த்தோம். ஊரையும் கலவையையும் தனித்தனியாக எழுத முடியவில்லை, சேர்த்தே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது, ஆகவே மது சேர்ந்த பகுதி அதற்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். குடிக்காதவர்களுக்கும் நல்ல பங்கு இருக்கிறது, பாகுகளும் அக்கானியும் (பதநீரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) உங்களுக்கும்தான்.

முதலில் ஒரு கணக்கு. மது 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 25, இனிப்புப் பாகு 25. இதுதான் 'சவர்' என்று சொல்லும் குடும்பத்தின் அடிப்படை. ரம் ஊற்றினால் டைக்கிரி, விஸ்கி ஊற்றினால் விஸ்கி சவர், ஜின்னும் தேனும் சேர்ந்தால் வேறொரு பெயர். பெயர்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம், கை பழக வேண்டியது இந்த அளவுதான். புளிப்பு தூக்கலாக இருந்தால் பாகை ஒரு ஸ்பூன் கூட்டுங்கள், தித்தித்தால் எலுமிச்சையைக் கூட்டுங்கள், அவ்வளவே. கண்ணளவில் ஊற்றாதீர்கள். 30, 60 குறியிட்ட பெக் மெஷர் ஒன்று வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் குழந்தைகளின் இருமல் மருந்தோடு வரும் சின்ன மூடியே போதும், அதில் மி.லி. கோடு இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இங்கே விற்கும் ரம், விஸ்கி பெரும்பாலும் 42.8 சதவீதம். அந்த 60 மி.லி.யில் இருக்கும் ஆல்கஹால், ஐந்து சதவீத பீர் அரை லிட்டரில் இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். எலுமிச்சையும் இனிப்பும் சேர்ந்தால் அந்தக் காரம் நாக்குக்குத் தெரியவே தெரியாது, ஜூஸ் என்று நினைத்து மூன்று டம்ளர் உள்ளே போய்விடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள், 30, 12, 12 என்று. ருசியில் எதுவும் குறையாது.

சரி, நாகர்கோவில் வடசேரி. பேருந்து நிலையத்தில் இறங்கி கனகமூலம் சந்தைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது வாழைக்குலைகள். செவ்வாழை, ஏத்தன், ரசகதலி, அப்புறம் விரல் நீளத்தில் மட்டி. இந்த மட்டிப் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கிற பழம், தோலை உரித்ததுமே வாசனை எழும்பும். நான் ஒரு சீப்பு வாங்கினேன். எலுமிச்சை வாங்கும்போது மஞ்சள் நிறத்தைப் பார்க்காதீர்கள், தோல் மெல்லியதாக, கையில் வைத்தால் கனமாக, அமுக்கினால் கொஞ்சம் கொடுக்கிறதா என்று பாருங்கள். நறுக்குவதற்கு முன் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் சாறு தாராளமாக வரும். நல்ல பழம் ஒன்று ஒரு டம்ளருக்குச் சரியாக இருக்கும். காலையில் பிழிந்து வைத்த சாறு சாயங்காலத்துக்குக் கசந்துவிடும், கலக்கும் நேரத்தில் பிழிவது ஒன்றே வழி. பாட்டிலில் வரும் லைம் ஜூஸ் கார்டியலை நான் வாங்குவதே இல்லை. ஒரு காலத்தில் கடற்பயணத்தில் பழம் கெட்டுப்போகும் என்பதால் வந்த ஏற்பாடு அது, லாச்லன் ரோஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867இல் காப்புரிமை வாங்கினார். தெருவுக்குத் தெரு எலுமிச்சை விற்கும் ஊரில் நமக்கு அது எதற்கு?

வடசேரியிலிருந்து மார்த்தாண்டம். அங்கே இறங்கக் காரணம் தேன். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை அங்கே நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் தேனீ வளர்ப்பைச் சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார், இன்றைக்கும் அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு தேனீப் பெட்டி பார்க்கலாம். ஆனால் என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது வேறு. குலசேகரம் போகும் வழியில் ரப்பர் தோட்டங்கள், மரமெல்லாம் இலை உதிர்ந்து செம்பு நிறத்தில் புதுத் தளிர் விட்டிருந்தது. நண்பர் தாழ்ந்து நின்ற ஒரு கிளையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். மூன்று இலைகள் சேரும் காம்பு நுனியில் சின்னச் சின்னப் புடைப்புகள், அதன் மேல் கண்ணாடித் துளி மாதிரி ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கிறது. தேனீ தேடி வருவது பூவுக்கு அல்ல, இந்தக் காம்புக்குத்தான். இங்கே கிடைக்கும் தேனில் பெரும்பங்கு இந்த ரப்பர் தளிரிலிருந்து வருவது, மாசி பங்குனிதான் அதற்குக் காலம்.

இந்தத் தேனை நேராகக் காக்டெயிலில் ஊற்றக் கூடாது. ஐஸ் பட்டதும் கெட்டியாகி அடியில் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் எவ்வளவு குலுக்கினாலும் கரையாது. இரண்டு பங்கு தேனுக்கு ஒரு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கலக்கி ஆறவைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைக்க வேண்டாம், வாசனை போய்விடும். இந்தத் தேன் பாகு 20 மி.லி., எலுமிச்சை 25, ஜின் 60 என்று சேர்த்துக் குலுக்கினால் அதுதான் 'பீஸ் நீஸ்'. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920களில் பரவிய பானம். மார்த்தாண்டத்தில் தேனீப் பெட்டிகள் பரவிய அதே பத்தாண்டு! இரண்டையும் ஒரு டம்ளரில் சேர்த்துவிட்டோம் என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

நண்பரின் அம்மா குடிக்கிறவர் இல்லை, ஆனால் நாங்கள் செய்வதை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராம்பு வேண்டும் என்றதும் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, "மக்களே, கொண்டைய நகத்தால அமுக்கிப் பாரு" என்றார். அமுக்கினேன், எண்ணெய் மினுமினுவென்று கசிந்தது, விரலில் அந்த மணம் ராத்திரி சாப்பிடும்போதும் இருந்தது. எண்ணெய் எடுத்துவிட்டு விற்கும் கிராம்பில் இது வராது. மொட்டு விரிவதற்கு முன் பறித்து வெயிலில் காயவைப்பதுதான் கிராம்பு. மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைப் பக்கம் விளைகிறது, கன்னியாகுமரி கிராம்பு என்றே புவிசார் குறியீடு உண்டு. இரண்டு கடலின் காற்றும் இரண்டு பருவமழையும் படுகிற மலை, அந்த மணம் வராமல் எப்படி இருக்கும்.

அவர் எடுத்துத் தந்த கருப்பட்டியில்தான் எங்கள் முக்கியமான பாகு தயாரானது. கால் கிலோ கருப்பட்டியை உடைத்து, கால் லிட்டர் தண்ணீரில் போட்டு, சின்னத் தீயில் கரையவிட்டு, ஐந்தாறு கிராம்பைத் தட்டிப்போட்டு ஐந்து நிமிடம். பிறகு துணியில் வடிகட்ட வேண்டும், கருப்பட்டியில் மண்ணும் தும்பும் இருக்கும், வடிகட்டி மட்டும் போதாது. ஆறியதும் சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு வாரம் தாங்கும். இந்தப் பாகு 25, எலுமிச்சை 25, கருப்பு ரம் 60. டைக்கிரி பிறந்தது கியூபாவில், அங்கேயும் கரும்பு ரம்மும் எலுமிச்சையும் சர்க்கரையும்தான். வெள்ளைச் சர்க்கரை இருந்த இடத்தில் கருப்பட்டி வந்ததும் பானத்துக்கு ஒரு புகை வாசனையும் உப்புச் சாயலும் வந்துவிடுகிறது, எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்தது இதுதான், தயங்காமல் சொல்வேன்.

குலுக்குவதற்கு ஷேக்கர் இல்லை. வாய் அகலமான எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருந்தது, அதுவே போதும். பாதிக்கு மேல் ஐஸ், மேலே எல்லாவற்றையும் ஊற்றி, மூடியை இறுக்கி, பத்துப் பதினைந்து நொடி நன்றாக ஓங்கிக் குலுக்குங்கள். பாட்டில் வெளிப்புறம் வெளுத்துப் பனி படிந்து கை தாங்காத குளிர்ச்சி வந்தால் ஆயிற்று என்று அர்த்தம். ஐஸ் கரைந்த தண்ணீர் கலவையில் நாலில் ஒரு பங்கு போல சேரும், அது கெடுதல் இல்லை, அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் குடிக்கவே முடியாத உறைப்பாக இருக்கும். டீ வடிகட்டியில் வடித்து ஊற்றுங்கள். சோடா, டானிக் போன்ற நுரைப்பவற்றை மட்டும் ஒருபோதும் உள்ளே போட்டுக் குலுக்காதீர்கள், மூடி தெறித்துவிடும், அதைக் கடைசியில் டம்ளரில் ஊற்ற வேண்டும். ஐஸ் பெரிய கட்டியாக இருப்பது நல்லது. ஃப்ரீசர் தட்டில் வரும் சின்னத் துண்டுகள் சீக்கிரம் கரைந்து பானம் நீர்த்துவிடும், நாங்கள் டிபன் பாக்ஸில் தண்ணீர் வைத்து உறையவிட்டு, சப்பாத்திக் கட்டையால் தட்டி உடைத்துக்கொண்டோம்.

எல்லாவற்றையும் குலுக்க வேண்டும் என்றும் இல்லை. பழச்சாறு இருந்தால் குலுக்கல், மதுவும் இனிப்பும் மட்டும் என்றால் ஸ்பூனால் கலக்கல். ஓல்ட் ஃபேஷன்ட் என்ற விஸ்கி பானம் அப்படித்தான். விஸ்கி 60, பாகு ஒரு டீஸ்பூன், ஐஸில் அரை நிமிடம் மெதுவாகச் சுழற்றினால் போதும். அதில் சில துளி சேரும் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்பு மசாலாச் சாறு டிரினிடாட்டிலிருந்து வருவது, நமக்கு எளிதில் கிடைக்காது, ஆனால் கிராம்பு போட்ட கருப்பட்டிப் பாகு இருக்கும்போது அதன் மசாலாப் பாதியை அதுவே பார்த்துக்கொள்கிறது, கசப்புக்கு எலுமிச்சைத் தோலை ஒரு துண்டு சீவி டம்ளருக்கு மேல் முறுக்கிவிட்டால் எண்ணெய் தெறித்து விழும். நம் ஊர் விலை குறைந்த விஸ்கிகளில் பலவும் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டவை, நாக்கில் ஏற்கெனவே ரம் சாயல் இருக்கும், அதனால் பாகை முதலில் அரை டீஸ்பூனில் தொடங்குங்கள்.

மட்டிப் பழத்தை என்ன செய்தோம் என்றால், நாலைந்தை வட்டமாக நறுக்கி ஒரு பாட்டில் ரம்மில் கால் பங்கு அளவு எடுத்து அதில் ஊறப்போட்டோம். ஒரு ராத்திரி, அவ்வளவுதான், வடிகட்டினால் ரம்மில் அந்த வாசனை இறங்கியிருக்கும். குலசேகரம் சந்தையில் ஒரு கடைக்காரர், "கைதச்சக்கை நல்ல இனிப்பு, கொண்டு போங்க" என்று அன்னாசியை நீட்டினார், இளம் ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஊடுபயிராக வளர்ப்பது. அதன் சாற்றை ரம்மோடு குலுக்கினால் முட்டை வெள்ளைக்கரு எதுவும் இல்லாமலே மேலே கெட்டி நுரை கட்டும். விருந்தினருக்கு வைக்க நல்ல பானம்.

அக்கானிக்காக ஒரு காலை அகஸ்தீஸ்வரம் பக்கம் போனோம். பனை அங்கேதான் நெருக்கமாக நிற்கிறது. பனையேறி அண்ணன் கலயத்தை இறக்கி, ஓலைப் பட்டையில் ஊற்றித் தந்தார். புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள், அது இல்லாவிட்டால் வெயில் ஏற ஏறக் கள்ளாகிவிடும், கள் விற்பதற்கு 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. ஒரு பாட்டில் வாங்கி வந்து வீட்டில் ஐஸ் போட்டு, எலுமிச்சை பிழிந்து, நல்லமிளகைத் தட்டித் தூவி, ஒரு கிராம்பைக் கீறிப் போட்டோம். சுண்ணாம்பு இருப்பதால் எலுமிச்சை கொஞ்சம் கூடவே பிடிக்கிறது. நண்பரின் அம்மா இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். மது இல்லாத பானம் என்றால் சோடாவில் கலர் சிரப் ஊற்றுவதுதான் என்று நினைத்திருக்கிறவர்கள் இதைச் செய்து பாருங்கள். மற்ற நாளில் அக்கானி இல்லையென்றால் கருப்பட்டிப் பாகு, எலுமிச்சை, குளிர்ந்த சோடா போதும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம், குலசேகரம் எல்லாவற்றுக்கும் அரசுப் பேருந்து உண்டு, திருப்பரப்பு அருவியையும் மாத்தூர் தொட்டிப் பாலத்தையும் அதே வழியில் பார்த்துவிடலாம், வண்டி எடுத்துப் போய்விட்டு ஊரில் குடித்துவிட்டு ஓட்டுவது வேண்டவே வேண்டாம். களியக்காவிளை தாண்டினால் கேரளா, அங்கே கள்ளுக்கடை உண்டு, ஆனால் அங்கிருந்து பாட்டில் எதையும் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள், சட்டப்படி அனுமதி வேண்டும். தேன் வாங்கினால் புது வரத்தா என்று கேட்டு வாங்குங்கள். கருப்பட்டியை ஓலைக் கொட்டானோடு வாங்கினால் பேருந்துப் பயணத்தில் இளகாமல் வரும். வைகாசி ஆனியில் சக்கைப்பழக் காலத்தில் மறுபடி போக வேண்டும், தேன்வரிக்கைச் சுளையை ரம்மில் ஊறப்போட்டுப் பார்க்கலாம் என்று நண்பர் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.