எல்லைகள் மாறிய வேளையில் எங்கள் தணிக்கைக் குழு

2025 மார்ச் 11 அன்று சிங்கப்பூரின் தேர்தல் தொகுதி எல்லைகள் மறுஆய்வுக் குழுவின் அறிக்கை வெளியானதும், தங்கள் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) எந்தத் தொகுதிக்குப் போகிறது என்பதைத்தான் பலரும் முதலில் தேடினார்கள். ஒரு நகர மன்றத்தின் தணிக்கைக் குழுவில் நியமன உறுப்பினராக இருந்த எனக்கு வேறொரு கவலை இருந்தது. மன்றத்தின் ஒரு பகுதி பிரிந்து புதிய மன்றத்தின் கீழ் போகப்போகிறது. அந்த இடைக்காலத்தில் பணத்துக்கும் பராமரிப்புக்கும் யார் கணக்குக் கேட்பது என்பதே அந்தக் கவலை.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி எழுவதற்கு அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. 1986இல் அங் மோ கியோவில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கி, 1988இல் தனிச் சட்டம் பெற்ற நகர மன்றங்கள், வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பேட்டைகளின், அதாவது அரசு அடுக்குமாடிக் குடியிருப்புப் பகுதிகளின், பொது இடங்களைப் பராமரிக்கின்றன. அவற்றை நடத்துபவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர்கள். என்னைப்போன்ற நியமன உறுப்பினர்கள் அவர்களுக்குத் துணையாக இருக்கிறோம். தேர்தல் எல்லை நகர்ந்தால் மன்றத்தின் எல்லையும் நகரும் என்பதால், மின்தூக்கி, குப்பை போடும் குழாய், தண்ணீர்த் தொட்டி, நிலுவைக் கட்டணம் என எல்லாமே ஒரு மன்றத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாற வேண்டியிருக்கிறது.

இம்முறை காலம் மிகவும் நெருக்கியது. நகர மன்றங்களின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. வாக்களிப்பு நாளோ மே 3. வெளித் தணிக்கையாளர்கள் சென்ற ஆண்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த அதே வாரங்களில், அதே அலுவலர்கள் கைமாற்றுப் பட்டியல்களையும் தயாரிக்க வேண்டியிருந்தது. தேர்தல் முடிந்ததும் தங்கள் பொறுப்பும் முடிந்துவிட்டதாகக் குழு உறுப்பினர்கள் சிலர் இயல்பாகவே எண்ணினார்கள். அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கண்காணிப்பு மிகவும் தேவைப்படும் காலத்தில் கண்காணிப்பவர்கள் விலகிக்கொண்டால், எழும் தவறுகள் பழைய மன்றத்துடையவையா புதிய மன்றத்துடையவையா என்று பின்னால் எவராலும் சொல்ல முடியாது. பழைய கணக்குகள் தணிக்கை முடிந்து கையெழுத்தாகும்வரை தணிக்கைக் குழு தொடர்ந்து கூட வேண்டும் என்றும், அதை எழுத்தில் தர வேண்டும் என்றும் கேட்டோம். மன்றத் தலைவர் தயக்கமின்றி ஒப்புக்கொண்டார்.

எல்லாக் குழுக்களையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. ஒப்பந்தப்புள்ளிக் குழுவிடம், புதிய மன்றத்தைப் பல ஆண்டுகளுக்குக் கட்டிப்போடும் ஒப்பந்தங்களைத் தவிர்த்து, நடப்பிலுள்ளவற்றைக் குறுகிய காலத்துக்கு மட்டும் நீட்டிக்கும்படி கேட்டுக்கொண்டோம். பேட்டைப் பராமரிப்புக் குழுவின் வழக்கமான கூட்டங்கள் குறைந்தன. தணிக்கைக் குழு மட்டும் முன்பைவிட அடிக்கடி கூடியது.

எங்களுக்குப் பெரிதும் உதவியது, தீராத விஷயங்களுக்கென வைத்திருந்த ஒரே ஒரு பதிவேடு. தணிக்கையாளர் கடிதத்தில் சுட்டிய குறைகள், உள்தணிக்கையில் பாதியில் நின்றவை, குடியிருப்பாளர் புகார்களில் பணம் சம்பந்தப்பட்டவை என எல்லாவற்றையும் அதில் சேர்த்தோம். முதல் வரைவில் பொறுப்பாளர் என்ற கட்டத்தில் பல வரிகளில் 'நிர்வாக முகவர்' என்று, மன்றத்தின் அன்றாட வேலைகளை நடத்தும் நிறுவனம் மட்டும் இருந்தது. ஒரு நிறுவனத்தின் பெயரைப் பொறுப்பாளராக எழுதினால் அந்த வரிக்கு ஆளே இல்லை என்றுதான் பொருள். எந்தப் பதவியில் இருப்பவர், எந்தத் தேதிவரை, அதன்பிறகு எதிர்த்தரப்பில் யார் என்ற மூன்றும் நிரம்பாத வரியை நாங்கள் ஏற்கவில்லை. இதற்கு அலுவலர்களிடம் முதலில் சலிப்பு இருந்தது உண்மை. தாங்களே வேறு மன்றத்துக்கு மாற்றப்படுவோமா என்று தெரியாத நிலையில் அவர்கள் இருந்தார்கள். அதனால் ஒவ்வொரு கூட்டத்தையும் விசாரணையாகத் தொடங்காமல், அவர்களுக்கு எங்கே சிக்கல் என்று கேட்டபிறகே பதிவேட்டைத் திறந்தோம். கோப்பில் இல்லாத பல தகவல்கள் இப்படித்தான் வெளிவந்தன.

தண்ணீர்த் தொட்டி விஷயம் அவற்றில் ஒன்று. புளோக்குகளின் மேல்மாடித் தொட்டிகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்து சுத்தப்படுத்த வேண்டும். பிரிந்து போகவிருந்த சில புளோக்குகளுக்கு அந்தத் தேதி சரியாகக் கைமாற்றுக் காலத்துக்குள் விழுந்தது. பழைய ஒப்பந்ததாரரின் அட்டவணை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. புதியவரின் அட்டவணை அதற்குப் பின்தான் தொடங்கியது. இரண்டு தாள்களும் தனித்தனியே பார்க்கையில் குறையில்லாதவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புளோக் எண் வாரியாக ஒத்துப் பார்த்த ஒரு தொழில்நுட்ப அலுவலர்தான் அந்த இடைவெளியைக் கண்டார். பழைய ஒப்பந்தத்தின் கீழேயே வேலையை முன்கூட்டி முடித்துக்கொள்ள ஏற்பாடானது. அதன்பின் மின்தூக்கி ஆய்வு, தீயணைப்புக் கருவிச் சோதனை, பூச்சி ஒழிப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் இதே ஒப்பீட்டைச் செய்யச் சொன்னோம்.

நிதிப் பிரிப்பில் குழுவின் வேலை எதுவென்று தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பிரிக்கும் முறையைத் தீர்மானிப்பது எங்கள் வேலையன்று. அந்த முறைக்குள் போடப்படும் எண்கள் சரியா என்று பார்ப்பதே எங்கள் வேலை. வீடுகளிலிருந்து வரும் சேவை, பராமரிப்புக் கட்டணத்திலும் அரசு மானியத்திலும் குறைந்தது 26 விழுக்காடு சிங்கிங் ஃபண்ட் என்ற நீண்டகாலப் பராமரிப்பு நிதிக்கும், 2017 முதல் 14 விழுக்காடு மின்தூக்கி மாற்று நிதிக்கும் ஒதுக்கப்படுகிறது. மறுவண்ணம் பூசுவது, கூரை மாற்றுவது, மின்கம்பிகளைப் புதுப்பிப்பது போன்ற பெருஞ்செலவுகளுக்கு சிங்கிங் ஃபண்டே ஆதாரம். ஒரு புளோக் தவறான பக்கத்தில் எண்ணப்பட்டால், பல ஆண்டுகள் கழித்து அங்கு வசிப்பவர்களின் கூரைக்கான பணம் குறையும். அதனால் புளோக் பட்டியலை, வீட்டு வகை வாரியாக, புதிய எல்லை வரைபடத்தோடு வரி வரியாகச் சரிபார்த்தோம். ஒரு புளோக்கின் கீழ்த்தளக் கடைகள் எதிர்ப்பக்கப் பட்டியலில் இருந்தது அப்போது தெரிந்தது. கடைகளுக்கான நிதிக்கணக்கு வீடுகளின் கணக்கிலிருந்து தனி என்பதால், மொத்தத் தொகையை மட்டும் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

என் மனத்தை மிகவும் தொட்டது நிலுவைக் கட்டண விவகாரம். கட்டணம் செலுத்தத் தவறுவோருக்கு நினைவூட்டுக் கடிதம், தாமதக் கட்டணம், கடைசியில் சட்ட நடவடிக்கை என்று ஒரு வரிசை உண்டு. ஆனால் மன்றங்கள் அதற்கு முன்பே பலருடன் பேசித் தவணை ஏற்பாடு செய்துகொடுக்கின்றன. அந்தப் பிரிவில் பல்லாண்டு வேலை செய்த ஓர் அலுவலர் கூட்டத்தின் முடிவில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், பாக்கித் தொகை மட்டும்தான் புது கணினிக்குப் போகுது. தவணை ஏற்பாடு எல்லாம் நாங்க குறிப்புல எழுதி வச்சிருக்கோம். அது போகாது." மூவறை வீட்டில் தனியாக வசிக்கும், துப்புரவு வேலை செய்யும் ஒரு மூதாட்டியின் கோப்பைத் திறந்து காட்டினார். நடப்புக் கட்டணத்துடன் மாதந்தோறும் சிறு தொகையைச் சேர்த்து, ஒரு மாதமும் தவறாமல் அவர் கட்டிவந்திருக்கிறார். "தம்பி, சம்பளம் வந்ததும் முதல்ல இதைத்தான் கட்டுவேன்" என்று அவர் சொன்னதையும் யாரோ அந்தக் குறிப்பில் எழுதி வைத்திருந்தார்கள். புதிய கணினியில் அவர் வெறும் நிலுவைக்காரர். கைமாற்று முடிந்த மறுமாதமே அவர் வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிருக்கும்.

இதை நாங்கள் நிர்வாகக் குறையாக மட்டும் கருதவில்லை. வாக்குக் கொடுத்து, அதன்படி நடந்துகொண்ட ஒருவரிடம் மன்றம் தன் வாக்கை மீறுவதாகவே கருதினோம். தவணை ஏற்பாடு உள்ள எல்லா வீடுகளுக்கும் தனிப்பட்டியல் தயாரித்து, கடவுச்சொல்லிட்ட கோப்பாக ஒப்படைக்கவும், அவை ஒவ்வொன்றும் சரிபார்க்கப்படும்வரை அவ்வீடுகளுக்குக் கடிதம் எதுவும் அனுப்பாதிருக்கவும் இரு மன்றங்களின் பொது மேலாளர்களும் இணங்கினார்கள். கைமாற்றின்போது இந்தப் பட்டியலுக்குத்தான் முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொத்துப் பட்டியலில் விடுபட்ட மோட்டாரைப் பிறகு தேடிக் கண்டுபிடித்துவிடலாம். நியாயமில்லாத ஒரு கடிதத்தால் வயதான ஒருவர் இரவெல்லாம் தூங்காமல் கிடந்ததை எப்படித் திருப்பித் தருவது?

இறுதிக் கூட்டத்தில் கணக்குகள் கையெழுத்தானபின், பதிவேட்டில் மிஞ்சியிருந்த வரிகளைப் புதிய மன்றத்தின் தணிக்கைக் குழுத் தலைவருடன் அமர்ந்து ஒவ்வொன்றாகப் படித்தோம். சிலவற்றை அவர் அப்படியே ஏற்றார். சிலவற்றுக்குக் கூடுதல் ஆவணம் கேட்டார். அந்தச் செலவு எங்கள் காலத்தது என்று சொல்லி இரண்டைத் திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது நியாயம் என்பதால் அவற்றை எங்கள் கணக்கிலேயே தீர்த்தோம். மீதி வரிகளுக்கு எதிரே இரு தரப்பும் கையொப்பமிட்டன. அவரது குழுவின் முதல் கூட்டத்துக்கான நிகழ்ச்சிநிரலில் அந்தப் பதிவேடு இடம்பெற்றது.