மஞ்சள் பை

ஜூன் 9
அம்மாவின் ரத்தக் கல்ச்சரில், கிருமி வளருதா என்று பார்க்கிற சோதனையில், ஈஸ்ட்.

ஜூன் 10
பெயர் வந்துவிட்டது: காண்டிடா டிராப்பிகாலிஸ். ஈஸ்டுக்குக் கொடுக்கிற ப்ளூகோனசோல் மருந்துக்கு நேரே ‘ஆர்’, கேட்காது. நம் செல் சவ்வில் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில் ஈஸ்டுக்கு எர்கோஸ்டிரால். அதைச் செய்கிற நொதியைத்தான் ப்ளூகோனசோல் முடக்கும். இது அதற்கு மசியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆப்பத்துக்கு வாங்கின ஈஸ்ட் பொட்டலத்தைத் தூர எறிந்தேன். அது வேற இனம் என்று தெரியும். எறிந்தேன்.

ஜூன் 11
கழுத்து நரம்பில் போட்டிருந்த ட்யூபை எடுத்தாச்சு. ஈஸ்டுக்கு வேற மருந்து, ஆம்போடெரிசின், தொடங்கினார்கள். மஞ்சள் நிறம். டெக்ஸ்ட்ரோஸ் என்கிற சர்க்கரை நீரில்தான் ஏற்றணும், சலைன் என்கிற உப்பு நீர் பட்டால் திரிந்துவிடும். சிஸ்டர் முதலில் டெக்ஸ்ட்ரோஸ் விட்டு ட்யூபைக் கழுவினார். பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூன் 12
கிரியேட்டினின் 1.1. சிறுநீரகம் கெட்டால் இது ஏறும்.

ஜூன் 13
தூக்கமில்லை. கொலஸ்டிரால், எர்கோஸ்டிரால் இரண்டு மூலக்கூறையும் வரைந்து வரைந்து பார்க்கிறேன். நாலு வளையத்தின் சட்டகம் ஒன்றுதான். எர்கோஸ்டிராலுக்கு இரட்டைப் பிணைப்பு இரண்டு கூடுதல், வாலில் ஒரு மெத்தில் கூடுதல். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் இந்த மருந்து ஈஸ்ட் எது, அம்மா எது என்று பிரித்தறியணும். ஈஸ்டின் சவ்விலிருந்து எர்கோஸ்டிராலை உறிஞ்சி எடுக்கிறது என்று 2014இல் காட்டினார்கள். ஆள் மாறினால் அடி சிறுநீரகத்துக்கு. அதற்காகத்தான் மருந்தையே கொழுப்புக் குமிழுக்குள் பொதிந்து தருகிறார்கள்.

மார்கழியில் வெளிச்செண்ணெய், தேங்காய் எண்ணெய்தான், உறைந்தால் அம்மா குப்பியை அடுப்புப் பக்கம் வைப்பாள். சவ்வும் கொழுப்புதான். உறையாமலும் ஒழுகாமலும் அதைப் பிடித்து வைப்பது இந்த ஸ்டிரால்கள்தான், நமக்குக் கொலஸ்டிரால், ஈஸ்டுக்கு எர்கோஸ்டிரால். எர்கோஸ்டிராலைப் பிடுங்கினால் ஈஸ்ட் சாகணும். சாகணும்.

ஜூன் 14
மருந்து ஏறும்போது உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. “மக்களே, குளிருது.” மூன்று போர்வை.

ஜூன் 15
கிரியேட்டினின் 1.6. பொட்டாசியம் 2.9, குறைவு.

ஜூன் 17
ஈஸ்ட் கண்ணுக்கும் போகுமாம். கண் டாக்டர் பார்த்தார், விழித்திரை சுத்தம். மாமி தக்கலையிலிருந்து மழையில் நனைந்து வந்தாள். “ஈஸ்டுன்னா ஆப்பத்துக்குப் போடுறதுல்லா?” என்று கேட்டு அழுதாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 18
16ஆம் தேதி எடுத்த ரத்தத்தில் இதுவரை ஒன்றும் வளரவில்லை. இப்படியே இருந்தால் அந்தத் தேதியிலிருந்து 14 நாள் மருந்து. காலண்டரில் 30ஐ வட்டமிட்டேன்.

ஜூன் 19
கிரியேட்டினின் 1.9. வட்டத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஜூன் 20
பத்தாவது பை. கிரியேட்டினின் 1.8. அம்மா மட்டி வாழைப்பழம் கேட்டாள். கொடுக்கலாம் என்றார்கள். மழை விட்டதும் வடசேரிச் சந்தைக்குப் போகணும்.