மார்கழிக் கேள்வி: ஜூலை நாட்குறிப்பு

ஜூலை 2

அறிவியல் ஆசிரியர்களுக்கான ஆன்லைன் படிப்பில் கலந்துரையாடலை நடத்தும் வேலை எனக்கு. பயிற்சி தரும் மேடம் முதலில் படிக்கக் கொடுத்தது ஆன்லைன் கற்பித்தலை ஆராய்ந்த கில்லி சால்மனின் ஐந்து படிகள்: உள்ளே நுழைவது, பழகுவது, தகவல் பகிர்வது, சேர்ந்து யோசிப்பது, பிறகு அவரவர் மேலே போவது. "பழகவிடாமல் பாடத்துக்குத் தாவாதீங்க" என்றார். அதனால் முதல் கேள்வியில் பாடமே இல்லை: உங்கள் வகுப்பு ஜன்னலில் என்ன தெரிகிறது? புளியமரம், ரேஷன் கடை, பஸ் டிப்போ என்று வந்து குவிந்தது.

ஜூலை 4

"பருவங்கள் ஏன் மாறுகின்றன?" படிப்பில் ஏற்கெனவே இருந்த கேள்வி. ஒரு சார் "பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால்" என்று போட்டார். கீழே வரிசையாக "அருமை சார்", "என் கருத்தும் அதேதான் சார்". சரியான பதில்தான். பேச்சும் அதோடு சரி.

ஜூலை 5

கேள்வியை மாற்றினோம். ஜனவரி முதல் வாரத்தில் சூரியன் நமக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கி.மீ. இப்போது, ஜூலையில், 15.2 கோடி. அப்படியென்றால் மார்கழியில் ஏன் குளிர்கிறது? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வீர்கள்?

படிப்பு நடக்கும் மூடுல் (Moodle) தளத்தில் இதை 'கேள்வி பதில்' வகைக் கலந்துரையாடலாக வைத்தேன். தன் பதிலைப் போட்டு, திருத்துவதற்கான அரை மணி நேரமும் கழிந்தால்தான் அடுத்தவர் எழுதியது தெரியும். பார்த்து எழுத வழியில்லை.

ஜூலை 7

அதே சார் இப்போது எழுதியது: "மார்கழியில் நம் பக்கம் விலகிச் சாய்வதால் தூரம் கூடுகிறது." ஒரு டீச்சர் விடவில்லை. "பூமியின் குறுக்களவே 12,700 கி.மீ.தான் சார். கோடிக்கணக்கில் அது எந்த மூலைக்கு?" அப்புறம் ஒருவர் மதிய நிழலைக் கொண்டுவந்தார்: ஜனவரியில் நிழல் நீளம், வெயில் சரிந்து விழுகிறது. உடனே இன்னொருவர், "சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏப்ரல் கடைசியில். அனல் மட்டும் ஏன் மே மாதம்?"

பதில் சொல்லக் கை துறுதுறுத்தது. "நீங்க சொன்னா கடையைச் சாத்திடுவாங்க" என்றார் மேடம். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் பதில் நீள்கிறது என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். ஆன்லைனில் அந்த மூன்று விநாடி ஒரு நாளாகிவிடுகிறது. கடைசியில் ஒரே வரி போட்டேன்: "ஆகஸ்டிலும் உச்சிக்கு வருகிறதே, அப்போது ஏன் மே அளவு வெயில் இல்லை?"

ஜூலை 10

தரை சூடேற நாளாகும் என்றார் ஒருவர். ஆகஸ்டில் மேகமும் மழையும் என்றார் இன்னொருவர். நான் செய்தது இரண்டு பேர் சொன்னதையும் பக்கத்தில் வைத்து, "இது இரண்டும் ஒன்றோடொன்று மோதுகிறதா?" என்று கேட்டது மட்டும்.

தூரக் கணக்குச் சொன்ன டீச்சர் பள்ளி மைதானத்தில் குச்சி நட்டுப் படம் போட்டிருந்தார். உச்சி வேளை, சூரியன் இப்போது நமக்கு வடக்கே, அதனால் நிழல் தெற்கே. "பிள்ளைங்க நம்பவே இல்ல, திசைகாட்டி கொண்டுவந்து பார்த்தாங்க" என்று குரல் பதிவும் இருந்தது.

அடுத்த வார உரையாடலை அவரே நடத்தட்டும் என்று மேடத்திடம் கேட்டிருக்கிறேன். 'இரண்டு பதிவுக்கு ஐந்து மதிப்பெண்' என்ற விதியை எடுக்கவும் கேட்டேன். ஞாயிறு இரவு 11.50க்கு வரும் இரண்டு வரிகளுக்குத்தான் அது உதவுகிறது. முதலாவதற்குச் சரி என்றார். இரண்டாவது, பாடத்திட்டக் குழுவுக்குப் போக வேண்டுமாம்.