மாமியார் கடன் வாங்கிய விளக்கு

மாமியாரின் முதலாண்டுத் திதியான வருஷாப்திகம் முடிந்த மறுவாரமே என் கணவர் பஞ்சாங்கத்தை எடுத்து, மாசித் தெப்பம் என்றைக்கு என்று பார்த்தார். எங்கள் பூஜை அறையில், சாளக்கிராமத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மரப்பெட்டி ஐந்து ஆண்டுகளாக இருந்தது. அதற்குள் ஓர் அகல் விளக்கு, ஒரு காசு, காய்ந்து பொடியாகிப்போன துளசி. சிவகங்கைப் பக்கத்துத் திருக்கோட்டியூர்ப் பெருமாள் கோயில் விளக்கு. வேண்டியது நிறைவேறினால் தெப்பத்தன்று குளக்கரைக்குக் கொண்டுபோய் ஏற்றி வைத்துவிட வேண்டும். நிறைவேறிவிட்டது. ஏற்ற வேண்டியவர்தான் இல்லை.

என்ன வேண்டுதல் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் மகள் வேறு சாதிப் பையனைத் திருமணம் செய்துகொண்டாள். "இனி அவள் இந்த வாசற்படியை மிதிக்க வேண்டாம்" என்று சொன்னவர் மாமியார். குரலை உயர்த்தாமல் சொன்னார். அப்படிச் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சுக் கிடையாது. பெற்றவள் நானும் பேசவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த ஆண்டு மாசியில் மாமியார் தெருவிலிருந்த நாலு பேரோடு திருக்கோட்டியூர் போய்வந்தார். கையில் இந்தப் பெட்டி. என்ன பிரார்த்தனை என்று கேட்டதற்கு, "பெருமாளுக்குத் தெரியும்" என்றார். முழங்கால் வலிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

மூன்றாம் ஆண்டு அவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. யாரும் அழைக்காமலே மகள் வந்து நின்றாள். வெளியில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத மனுஷி, அவள் கரண்டியால் கொடுத்த கஞ்சியைக் குடித்தார். பத்து நாள் கழித்து என்னைத் தனியே கூப்பிட்டு, "அவள் வந்துவிட்டாள். விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிடு" என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. வா என்று தன் வாயால் சொல்ல முடியாமல், அவள் வர வேண்டும் என்று பெருமாளிடம் போய் நின்றிருக்கிறார். அடுத்த மாசி வருவதற்குள் அவரும் ஆசார்யன் திருவடி அடைந்துவிட்டார்.

ஆகவே நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். நான், என் கணவர், மகள், மாப்பிள்ளை.

வழியில் முதல் நாள் வேறொரு பெரிய கோயிலுக்குப் போனோம். பெயர் வேண்டாம். போகாமலே இருந்திருக்கலாம் என்று சொன்னால் அபசாரம். பெருமாள் அங்கேயும் அதே பெருமாள்தான். ஆனால் அவரிடம் போய்ச் சேரும் பாதை இருக்கிறதே! தர்ம தரிசன வரிசை கம்பித் தடுப்புக்குள் முக்கால் மணி நேரமாக ஓர் அடிகூட நகரவில்லை. திருமண் பளிச்சென்று இட்ட ஒருவர் என் கணவரின் முழங்கையைத் தொட்டு, "சாமி, நேரே உள்ளே. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு தொகை கொடுங்கள்" என்றார். கொடுத்தோம். ஆமாம், நாங்களும்தான் கொடுத்தோம். மாப்பிள்ளை மட்டும், "வரிசையிலேயே போகலாமே மாமா" என்று ஒரு தரம் சொன்னார். அது யார் காதிலும் விழாதது போல நடந்தோம்.

தடுப்பைத் தாண்டும்போது, வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு பாட்டி என் புடவைத் தலைப்பைப் பிடித்தார். அவர் கையில் வாழை நாரில் தானே கட்டிய துளசி மாலை. "நீ முன்னாலே போகிறாய் தாயே. இதைச் சேர்த்துவிடுகிறாயா? நான் போவதற்குள் வாடிவிடும்." வாங்கிக்கொண்டேன். உள்ளே ஒரு நொடி. சடாரி தலையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்திலேயே பறந்து போனது. எங்களுக்கு முன்னால் நின்ற யாரோ ஒரு முக்கியஸ்தருக்கு மட்டும் அது நிதானமாக இறங்கியது. மாலையை நீட்டினேன். வெளி மாலை வாங்குவதில்லை என்று கையாலேயே ஒதுக்கிவிட்டு, "நகருங்கள், நகருங்கள்" என்றார்கள். திரும்பி வந்து பார்த்தால் அந்தப் பாட்டியைக் காணவில்லை. வரிசையை வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். அரை மணி நேரம் தேடினேன். எல்லாப் பாட்டிகளும் ஒரே மாதிரி இருந்தார்கள். மாலையை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை திருப்பத்தூரில் இறங்கி, சிவகங்கைச் சாலையில் திருக்கோட்டியூர் போய்ச் சேர்ந்தோம். தெப்பத்துக்கு விட்ட சிறப்பு பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. வெயில் ஏறுவதற்குள் சேவித்துவிட்டால் நல்லது என்று நேரே சந்நிதிக்குப் போனோம். திருமாமகள் தாயாரையும், பாம்பணையில் பள்ளிகொண்ட உரக மெல்லணையானையும் சேவித்து முடித்து, அஷ்டாங்க விமானத்தின் குறுகிய படிகளில் தலையைக் குனிந்துகொண்டு ஏறினோம். கீழே ஆடும் கண்ணன், அப்புறம் கிடந்த கோலம், நின்ற கோலம், உச்சியில் வீற்றிருக்கும் பரமபதநாதன். பூலோகத்திலிருந்து வைகுண்டத்துக்கு இவ்வளவு படிகள்தானா என்று என் கணவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

அங்கே எம்பெருமானார் என்கிற ராமானுஜர் சிலையாக நிற்கிறார், தம் ஆசார்யர்களில் ஒருவரான திருக்கோட்டியூர் நம்பியின் வீட்டைப் பார்த்தபடி.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருவரங்கத்திலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரம். மந்திர உபதேசம் கேட்டுப் பதினெட்டு முறை நடந்தார் ராமானுஜர். பதினேழு முறை நம்பி திருப்பி அனுப்பினார். துறவிக்குரிய தண்டும் பவித்திரமுமாகத் தனியே வா என்றால், சீடர்களான முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் கூட்டிக்கொண்டு வந்து, இவர்களே என் தண்டும் பவித்திரமும் என்றார் இவர். கடைசியில் உபதேசம் கிடைத்தது, யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் நரகம் என்ற நிபந்தனையோடு. கேட்ட கையோடு உயரமான இடம் பார்த்து ஏறி ஊரையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கோபுரம் என்பார்கள், இந்த விமானம் என்பார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். நான் ஒருவன் நரகம் போனால் என்ன, இத்தனை பேர் கரையேறுவார்களே என்றாராம்.

சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம்பியின் மேல் கோபம்தான் வரும். பதினேழு முறை ஒரு மனிதரை நடக்கவிடுவதா? இன்று விமானத்தின் மேல் நின்று அந்த வீட்டின் திசையைப் பார்த்தபோது வேறொன்று தோன்றியது. ஏறியவர் ஏறிவிட்டார், அவருக்கு அது இயல்பு. ஆனால் பரம்பரையாகக் காத்துவந்த ஒன்று இப்படித் தெருவில் கொட்டப்பட்ட பிறகு, கோபத்தோடு கிளம்பி வந்தவர் பாதியில் மனம் மாறி, தன்னைவிடச் சிறியவரைக் கட்டிக்கொண்டு "எம்பெருமானாரே" என்று கூப்பிட்டாரே, அதற்கு எவ்வளவு வேண்டும்! கதவைப் பூட்டி வைத்தவரும் அவர்தான், இந்த வைணவ நெறிக்கே எம்பெருமானார் தரிசனம் என்று பெயர் வரக் காரணமானவரும் அவர்தான். எனக்கு என் மாமியார் கஞ்சிக்காக வாயைத் திறந்தது கண்முன்னால் வந்தது. நம்பியைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக நினைத்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ராமானுஜர் 1017-இல் பிறந்தவர். ஆயிரம் ஆண்டு விழாவும் கொண்டாடியாகிவிட்டது. அவர் திறந்ததை நாம் என்ன செய்தோம் என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கர்நாடகத்து மேல்கோட்டையில் அவர் திருக்குலத்தார் என்று பெயர் சூட்டிக் கோயிலுக்குள் அழைத்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு, பின்னால் வந்தவர்கள் அனுமதித்தது ஆண்டுக்கு மூன்று நாள் என்கிறார்கள். மற்ற 362 நாட்களும் பெருமாள் யாருடையவராக இருந்தார்? மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ்காரரான வைத்தியநாதையர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு நுழைந்தது 1939 ஜூலை 8. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் முழுமையாக வந்தது 1947-இல். என் மாப்பிள்ளையின் தாத்தா அப்போது வாலிபர். அந்தத் தாத்தாவின் பேரன்தான் வழுக்கும் படியில் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். நாமோ இன்னும் வைணவத்துக்குள்ளேயே வடகலை, தென்கலை என்று பிரிந்து, எந்தப் பாசுரத்தை யார் முதலில் சேவிப்பது என்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருக்கிறோம். எல்லோரையும் கூவி அழைத்த மனிதரின் பெயரால்! நான் வாதாடத் தெரிந்தவள் இல்லை. சேவித்துவிட்டுப் போகிறவள்தான். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் தெப்பக்குளம். இதுவரை நான் எத்தனையோ கூட்டம் பார்த்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. நாலு கரையிலும் பெண்கள், பெண்கள், பெண்கள். படியெல்லாம் எண்ணெய் வழிந்து, கால் வைத்தால் வழுக்குகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவருடைய புடவைத் தலைப்பு நெருப்புக்கு மேலே பறக்கிறது. இதற்கு நடுவில் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பவர்கள் வேறு. நெய் என்று சொல்லி விற்றது எரியும்போது வந்த வாசனையிலிருந்து, அது பசுவைப் பார்த்தே இருக்காது என்று தெரிந்தது. இரண்டு முறை நான் விழப் பார்த்தேன். மகள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு படியில் கொஞ்சம் இடம் கிடைத்தது. பெட்டியைத் திறந்தேன். மாமியாரின் விளக்கு. மாமியாரின் விளக்கு என்று சொல்கிறேனே தவிர, அது அவருடையது இல்லை. வேண்டுதல் நிறைவேறியவர்கள் ஏற்றி வைத்த விளக்கைத்தான் புதிதாக வேண்டிக்கொள்பவர்கள் எடுத்துப் போவார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே கரையில் குனிந்து, கூட்டத்தில் கைக்கு எட்டிய ஒன்றை எடுத்திருப்பார். ஏற்றியவள் யார், எந்தத் தெரு, எந்தக் குலம்? கேட்டிருக்க முடியாது. தண்ணீர்ச் சொம்பைக்கூட இன்னொருவர் தொட விடாதவர், யாரோ ஒருத்தியின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய அகலை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து, சாளக்கிராமத்துக்குப் பக்கத்தில் வைத்து, நாள் தவறாமல் பூ போட்டிருக்கிறார். அதை நினைத்ததும் என்னால் திரியைக்கூடச் சரியாகப் போட முடியவில்லை. கை நடுங்கியது. மகள்தான் எண்ணெய் விட்டு ஏற்றினாள். அவளுக்காக வேண்டிக்கொண்ட விளக்கை அவளே ஏற்றினாள். காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை மாப்பிள்ளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார், நின்று எரிந்தது.

அப்புறம் நான் என்ன சொல்லிச் சேவித்தேன் என்று நினைவில்லை. உற்சவப் பெருமாளான சௌமிய நாராயணன் தெப்பத்தில் எழுந்தருளி வந்தபோது குளம் முழுக்க ஒரே வெளிச்சம், "கோவிந்தா" என்ற சத்தம். எனக்குக் கண்ணீரில் எல்லாம் கலங்கித்தான் தெரிந்தது. அம்மா, பாருங்கள், கொண்டுவந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டேயிருந்தேன். பெருமாளே, இத்தனை நாள் நான் வாய் திறக்காமல் இருந்ததற்கும் சேர்த்து நீ வழி பண்ணினாயே. உனக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

தெப்பம் ஒரு சுற்று போயிருக்கும். இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு பெண் எங்கள் படிக்கு வந்து நின்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "அக்கா, இந்த விளக்கை நான் எடுத்துக்கொள்ளலாமா? நிறைவேறிய விளக்குதானே?" என்று மகளிடம் கேட்டாள். அவளுக்கு என்ன கஷ்டமோ, நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு என்ன நிறைவேறியது என்று அவளும் கேட்கவில்லை.

மகள் திரியைத் தணித்து, விளக்கு ஆறும்வரை காத்திருந்து, பெட்டிக்குள் வைத்தாள். காசு அப்படியே இருக்கட்டும் என்றேன். பழைய துளசிப் பொடியைக் குளத்தில் உதறினேன். அப்போதுதான் பையிலிருந்த மாலை நினைவுக்கு வந்தது. ஈரத்துணியைப் பிரித்தால், ஒரு நாள் முழுக்கச் சுமந்தும் அது அவ்வளவாக வாடவில்லை. அதிலிருந்து நாலு கதிர் கிள்ளிப் பெட்டிக்குள் போட்டேன். மீதியை அந்த இருட்டிலேயே திரும்பிப் போய் உடையவர் ராமானுஜர் சந்நிதி வாசலில் கொடுத்தேன். அங்கிருந்தவர் யார் கட்டியது என்று கேட்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நான் வருவதற்குள் அந்தப் பெண் கிளம்பத் தயாராக இருந்தாள். பெட்டியை முந்தானைக்குள் இடுக்கிக்கொண்டு, "நடந்துவிட்டால் உங்களை எங்கே வந்து பார்ப்பது? யாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டாள்.

"யாரிடமும் வேண்டாம்" என்றாள் மகள். "இந்தப் படியில் ஏற்றி வைத்துவிட்டு வா. யாராவது எடுத்துக்கொள்வார்கள்."