இடது காது மட்டும்

டிசம்பர் 3
காலையில் எழுந்ததும் வலது காதில் தண்ணீர் புகுந்த மாதிரி இருந்தது. ஹெட்போனைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அடைப்பு ஹெட்போனோடு இடம் மாறவில்லை.

டிசம்பர் 4
டாக்டர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்தார். சத்தம் இடப்பக்கம் ஓடியது. வெறும் குறும்பி என்றால் அடைத்த பக்கம்தான் கேட்டிருக்க வேண்டும். அவர் வாயைத் திறக்கும் முன்பே புரிந்துவிட்டது. நரம்பு. ஆடியோகிராமில் வலது காதின் கோடு 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை 60 டெசிபலை ஒட்டிக் கிடக்கிறது. தினமும் காலையில் 60 மில்லிகிராம் ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரம் முக்கியமாம்.

டிசம்பர் 5
காதுக்குள் இறால்.

வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த கடலில் ஹைட்ரோபோன் என்கிற நீரடி மைக் வழியாகக் கேட்டால் முதலில் இதுதான் வரும். எண்ணெயில் கடுகு பொரிவது போல, ஆயிரக்கணக்கான இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம். கடற்படையில் சோனாரில் இருந்த நாட்களில், அந்தப் பொரிச்சலுக்கு அடியில்தான் நாங்கள் ப்ரொப்பெல்லரைத் தேடுவோம். சரக்குக் கப்பல் நிதானமாகத் தட்டிக்கொண்டு போகும். மீன்பிடிப் படகு படபடக்கும். தாளத்தை எண்ணி, எத்தனை இதழ், எவ்வளவு வேகம் என்று சொல்ல வேண்டும். இப்போது பொரிச்சல் இருக்கிறது. அடியில் எதுவும் இல்லை.

டிசம்பர் 6
தூக்கமே இல்லை.

டிசம்பர் 7
வசனம் நடுவில் நிற்கிறதா அண்ணே என்று கேட்டான் தம்பி. மீட்டரைப் பார்த்துப் பதில் சொன்னேன். ஸ்டுடியோவுக்கு வந்து 14 வருடம், ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அவனுக்குத் தெரிந்திருக்குமோ?

டிசம்பர் 9
குக்ரி நாள். 1971, டையூவுக்கு அப்பால் நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கடிக்கப்பட்ட நாள். 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கொச்சியில் பயிற்சிக்குப் போன முதல் வாரமே கேட்ட கதை. பேட்டரியில் ஓடும் நீர்மூழ்கி ஏறக்குறைய சத்தமே போடாது. கடலின் வெப்ப அடுக்கில் ஒலி வளைந்துவிட்டால், கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்கு இல்லவே இல்லை. பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோர்தான் குக்ரியை முதலில் கேட்டது. விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இறால், இறால்.

டிசம்பர் 10
குக்கர் விசில் வலது காதில் கத்தியாக இறங்குகிறது. மெல்லியது எதுவும் கேட்காத காதுக்கு இது மட்டும் ஏன் இப்படி வலிக்கிறது?

டிசம்பர் 12
தம்புராவைப் போட்டு ஒவ்வொரு காதாகக் கேட்டேன். வலது காதில் சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஒரே கம்பி, இரண்டு சுருதி.

எங்களுக்குச் சுருதிதான் எல்லாம். சோனார் அனுப்பும் பிங் ஒலி போன பிறகு கடல் முழுக்க எதிரொலி முனகும். அந்த முனகலைவிட இலக்கின் எதிரொலி ஒரு இழை ஏறியிருந்தால் அது நெருங்கி வருகிறது, இறங்கியிருந்தால் விலகுகிறது. மாஸ்டர் சீஃப் சொல்வார்: "துரத்தாதே, வரட்டும்." அப்படிப் பழகிய காது இது. இப்போது அது சொல்வதை நம்பினால், எல்லாமே என்னைவிட்டு விலகிக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் 14
கடைத்தெருவுக்குப் போகும்போது அவள் எதுவும் பேசாமல் என் இடப்பக்கம் மாறி வந்து நடந்தாள்.

டிசம்பர் 16
மார்கழி. நாலரை மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி போட்டுவிட்டார்கள். எந்தத் திசை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பதினொரு மணிக்கு மறுபடி ஆடியோகிராம்.

இடது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தேன். முதலில் இறால்தான். துரத்தாமல் கிடந்தேன். அப்புறம் அதற்கு அடியில் ஏதோ தட்டியது, மெதுவாக, ஒரே சீராக. மணிக்கட்டில் நாடியைப் பிடித்து எண்ணிப் பார்த்தேன். அதைவிட இது மெதுவாகத் தட்டுகிறது.