டிஸ்சார்ஜ் புக்கும் வில்லங்கச் சான்றும்: சென்னையில் முன்னாள் படைவீரர் வீட்டுக்கடன்

"எக்ஸ்-சர்வீஸ்மேனா சார்? உங்களுக்கு ஸ்பெஷல் லோன் இருக்கே!" ஆவடியிலும் தாம்பரத்திலும் வீட்டு புரோக்கர் முதல் வங்கி மேசை வரை இந்த வரி மாறாமல் வரும். அந்த ஸ்பெஷலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று விஷயம்தான் இருக்கிறது. பிராசஸிங் கட்டணத்தில் தள்ளுபடி, வட்டியில் சின்னச் சலுகை, கடனை எழுபது வயதுக்குப் பக்கம் வரை இழுக்க அனுமதி. ஸ்டேட் பாங்க் ஷௌர்யா என்று தனிப்பெயரே வைத்திருக்கிறது. நல்லதுதான், விடவேண்டாம். ஆனால் கடன் கிடைப்பதும் கிடைக்காததும் இந்தச் சலுகையால் முடிவாவதில்லை. மாதம் கையில் விழும் பென்ஷனும் பத்திரத்தின் சுத்தமும்தான் முடிவு செய்கின்றன.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் யாராவது "அங்கே வெட்டரன்ஸுக்கு முன்பணமே வேண்டாம்" என்று சொல்லியிருப்பார். உண்மை. 1944 முதல் அங்கே அரசு கடனின் ஒரு பகுதிக்கு உத்தரவாதம் நிற்கிறது. அதற்கும் விலை உண்டு: முன்பணம் இல்லாமல் முதல் முறை வாங்குகிறவர் கடனில் 2.15 சதவீதம் கட்டணம் தரவேண்டும், ஊனத்துக்கு இழப்பீடு பெறுபவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. நம் ஊரில் அப்படி ஓர் உத்தரவாதம் கிடையாது. ரிசர்வ் வங்கியின் வரம்பு சிவிலியனுக்கு எதுவோ அதுவேதான் நமக்கும்: 30 லட்சம் வரை கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. பதிவுச் செலவை இந்த மதிப்பில் சேர்க்கமாட்டார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் முன்னாள் படைவீரருக்கு ஒரு கோடி வரை கடன், 30 சதவீத மானியம் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது சுயதொழிலுக்கு. வீட்டுக்கு அல்ல. மத்திய சைனிக் போர்டு வழியாக வீட்டுக்கடன் வட்டியில் பாதியைத் திருப்பித் தரும் உதவி ஒன்று உண்டு, அதிகபட்சம் 1 லட்சம். போரில் ஊனமுற்றவர்களுக்கும் உயிர் நீத்தவர்களின் குடும்பத்துக்கும் ஆனது அது. உங்களுக்குப் பொருந்துமானால் கடன் வாங்குவதற்கு முன்பே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

இனி கணக்கு. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு ஹவில்தாரின் அடிப்படை பென்ஷன் 22,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது பாதியைக் கம்யூட் செய்து மொத்தப் பணமாக வாங்கியிருப்பார், ஏறக்குறைய எல்லோரும் செய்வதுதான். அகவிலை நிவாரணம் கம்யூட் செய்வதற்கு முந்தைய முழு 22,000-க்கும் கணக்காகும். 58 சதவீதம் என்றால் 12,760. கூட்டினால் 34,760. அதில் கம்யூட்டேஷனுக்கான 11,000 போனால் கையில் 23,760. நாம் மனதில் வைத்திருப்பது 34,760, வங்கி பார்ப்பது 23,760. அதில் பாதியைத் தவணைக்கு ஒதுக்கலாம் என்று வங்கி எடுத்துக்கொண்டால் 11,880. எட்டு சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு லட்சத்துக்கு மாதம் 836 ரூபாய் ஆகும். வகுத்துப் பாருங்கள், கடன் 14 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பர்சனல் லோனோ வண்டிக் கடனோ ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தவணையும் 11,880-லிருந்தே கழியும். விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே சின்னக் கடன்களை அடைத்து, சிபில் அறிக்கையில் 'மூடப்பட்டது' என்று வந்துவிட்டதா பார்த்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

கம்யூட் செய்த பகுதி பதினைந்து வருடத்தில் திரும்பிவிடும். 'இன்னும் நாலு வருடத்தில் 11,000 கூடும்' என்று மேனேஜரிடம் சொல்லிப் பார்க்கலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் கணக்கில் எடுப்பது அவர் விருப்பம். ஓ.ஆர்.ஓ.பி. (ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்) நிலுவைத் தொகையும் அப்படித்தான். ஒருமுறை வந்த பணத்தை வருமானமாக எடுக்கமாட்டார்கள்.

ஆக, சென்னையில் பென்ஷனை மட்டும் வைத்து வீடு என்பது அநேகமாக நடக்காது. இரண்டாவது வேலையின் சம்பளம், மனைவியின் சம்பளம், மகன் அல்லது மகளின் சம்பளம், இதில் ஒன்று சேரவேண்டும். பிள்ளையைச் சேர்ப்பதாக இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். கடன் காலத்தை யார் வயதில் கணக்கிடுவீர்கள்? நாளை அவன் தனக்கென்று வீடு வாங்கப்போனால் இந்தத் தவணை அவன் கணக்கில் நிற்குமா? இரண்டாவதற்குப் பதில் 'நிற்கும்' என்பதுதான். வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போடவைக்க வேண்டிய விஷயம்.

கையிலிருந்து போடவேண்டியதும் பலருக்கு அதிர்ச்சி. 45 லட்சத்துக்கு ஒரு பழைய அபார்ட்மெண்ட், 36 லட்சம் கடன். உங்கள் பங்கு 9 லட்சம். பதிவுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 4.05 லட்சம். பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்து வங்கிக்கு எழுதிக்கொடுக்கும் எம்.ஓ.டி. ஆவணத்துக்கு அரை சதவீதம் முத்திரை 18,000, பதிவுக் கட்டணம் 6,000. மொத்தம் 13.29 லட்சம். வக்கீல், வேல்யூவர், புரோக்கர் எல்லாம் இதற்கு மேல். பில்டரிடம் முதல் விற்பனையாக வாங்கினால் 2023 டிசம்பர் முதல் கணக்கு வேறு: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7. இதனால் புதியது கொஞ்சம் மலிவாகத் தெரியும். ஆனால் கட்டி முடியாத வீட்டுக்கு வாடகையும் வட்டியும் சேர்த்துக் கட்டும் மாதங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

35 லட்சத்துக்குள் வீடு, 25 லட்சத்துக்குள் கடன், குடும்ப வருமானம் வருடம் 9 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லை என்றால் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புற 2.0-வைக் கேளுங்கள். வட்டி மானியம் 1.80 லட்சம் வரை, ஐந்து தவணைகளாக வரும். சொந்த ஊரில் அப்பா கட்டிய வீடு உங்கள் பெயருக்கு மாறியிருந்தால் தகுதி போய்விடும், மறைக்கவும் வேண்டாம்.

காகிதங்களில் வருமானத்துக்கான பகுதி சுலபம்: பாதுகாப்புத் துறையின் பென்ஷன் தளமான ஸ்பர்ஷில் இறக்கிய பென்ஷன் சீட்டும் பி.பி.ஓ.வும் (பென்ஷன் வழங்கும் ஆணை), டிஸ்சார்ஜ் புக், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, பென்ஷன் விழும் கணக்கின் ஒரு வருட ஸ்டேட்மெண்ட், பான், ஆதார். சிக்கல் வருவது பெயரில். தமிழனுக்கு இனிஷியல்தான் வழக்கம், படையின் ஏடுகளில் அது ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி உட்கார்ந்திருக்கும். டிஸ்சார்ஜ் புக்கில் 'முருகன் எஸ்', பான் கார்டில் 'சுப்பிரமணியன் முருகன்', ஆதாரில் 'எஸ் முருகன்', அப்பா வாங்கிய மனைப் பத்திரத்தில் 'சு. முருகன்'. நமக்கு ஒரே ஆள். கணினிக்கு நான்கு பேர். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் பி.பி.ஓ.வில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருப்பது இன்னும் சாதாரணம். 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரி உறுதிமொழி கொடுத்து வங்கிக் கோப்பை நகர்த்தலாம். ஆனால் மனைவி இணைக் கடனாளி என்றால் பி.பி.ஓ.வில் திருத்தத்தையும் அப்போதே தொடங்கிவிடுங்கள். குடும்ப பென்ஷன் கேட்டு நிற்கும் நாளில் அதே பிழை அவர் முன்னால் வந்து நிற்கும்.

அடுத்தது லீகல். வங்கியின் பேனல் வக்கீல் 30 வருட வில்லங்கம், மூலப்பத்திரம், இடைப்பட்ட எல்லாப் பத்திரங்கள், பட்டா, சென்னை எல்லைக்குள் என்றால் டவுன் சர்வே பதிவேட்டு நகல், சி.எம்.டி.ஏ. அல்லது உள்ளாட்சி அனுமதி வரைபடம், வரி ரசீது எல்லாம் கேட்பார். முன்பணம் கொடுக்கும் முன் நீங்களே பதிவுத்துறை தளத்தில் வில்லங்கத்தை எடுத்துப் பாருங்கள், பார்ப்பதற்குக் காசு இல்லை. கண்ணில் படவேண்டியவை: பழைய எம்.ஓ.டி. ரத்து ஆகாமல் நிற்கிறதா, பவர் வழியாக விற்றிருந்தால் அன்று பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா, இறந்தவர் சொத்தில் எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்டார்களா.

நம்மவர்களிடையே மட்டும் அடிக்கடி வரும் ஒரு வலை உண்டு. "இது மிலிட்டரிக்காரருக்கு சர்க்கார் கொடுத்த இடம், உங்களுக்கென்றால் குறைத்துத் தருவார்" என்று சில மனைகள் வரும். அது ஒப்படைப்பு நிலம். நிபந்தனைப் பட்டா. நிபந்தனையை மீறி விற்றால் அரசு திரும்ப எடுக்கலாம். எந்த வக்கீலும் ஓகே சொல்லமாட்டார், வங்கி ஒரு ரூபாய் தராது. அப்ரூவல் இல்லாத மனையும் இப்படித்தான். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றை வரன்முறைப்படுத்த 2017-ல் திட்டம் வந்தது. வரன்முறை ஆணை கையில் இருந்தால் பேசுங்கள், 'போட்டிருக்கிறோம், வரும்' என்றால் நகருங்கள். தாம்பரம், ஆவடி விமானப்படை நிலையங்களை ஒட்டிய இடம் என்றால் கட்டட உயரத்துக்கும் தூரத்துக்கும் தடையின்மைச் சான்று இருக்கிறதா என்று நாமாவது கேட்கவேண்டும். அங்கே வேலை பார்த்தவர்களே மறந்துவிடும் கேள்வி இது!

வேல்யூவர் வந்து பார்த்து, பேசிய விலையைவிடக் குறைவாக எழுதினால் கடன் அதற்கேற்பச் சுருங்கும். விற்பவரோடு போடும் ஒப்பந்தத்தில் 'வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்பத் தரப்படும்' என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத டி.டி.எஸ். பிடித்துக் கட்டவேண்டியது வாங்குகிற நம் பொறுப்பு.

சாங்ஷன் லெட்டர் வந்ததும் முதலில் தேடவேண்டியது வட்டி அல்ல, காப்பீடு. ஒரே பிரீமியமாகக் கடன் காப்பீட்டை நுழைத்து, அதையும் கடனிலேயே சேர்த்திருப்பார்கள். சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் காப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், காரணம் குடும்ப பென்ஷன். படைவீரர் ஓய்வுக்குப் பின் இறந்தால் ஏழு வருடமோ, அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாளோ, எது முதலோ அதுவரைதான் உயர்ந்த விகிதம். அதன் பின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அவருக்கு வந்தது 50 சதவீதக் கணக்கில் என்றால், மனைவிக்கு அது ஐந்தில் மூன்று பங்காகிவிடும், தவணை மட்டும் அப்படியே நிற்கும். சம்பளக் கணக்குத் தொகுப்பில் இருக்கும் காப்பீடு பெரும்பாலும் விபத்துக்கானது, மாரடைப்புக்கு அது வராது. ஐம்பதைத் தாண்டியவர்கள் வங்கியின் பிரீமியத்தையும் வெளியில் டேர்ம் பாலிசியின் பிரீமியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு ஏறி இறங்கும். ஏறும்போது வங்கி வழக்கமாகத் தவணையைத் தொடாமல் வருடத்தைக் கூட்டும். முப்பது வயதுக்காரருக்கு அது சரி. நமக்கு வயது வரம்பு முட்டிவிட்டால் தவணையே ஏறும். அதனால் முடிந்தவரை வயது வரம்புக்கு இரண்டு மூன்று வருடம் முன்பே கடன் முடியும்படி காலத்தைத் தேர்ந்தெடுங்கள். மிதக்கும் வட்டியில் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. கம்யூட்டேஷன் திரும்பிய மாதத்திலிருந்து அந்த 11,000-ஐ அசலுக்குத் திருப்புகிறவர்கள் வருடக்கணக்கில் முன்னால் முடிக்கிறார்கள்.

வரிச் சலுகை என்று யாராவது ஆசை காட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டு வட்டிக்குக் கழிவு இல்லை, 12 லட்சம் வரை வரியும் இல்லை. ஹவில்தார், சுபேதார் பென்ஷனுக்கு அந்தச் சலுகையால் வருவது ஒன்றுமில்லை.

தவணைத் தேதியை 5 என்று வையுங்கள். பென்ஷன் மாதக் கடைசி வேலைநாளில் விழும், மார்ச் பென்ஷன் மட்டும் ஏப்ரலில்தான் வரும். ஒன்றாம் தேதி என்று வைத்தால் ஏப்ரலில் பவுன்ஸ் ஆக வாய்ப்புண்டு. உயிர்வாழ் சான்று இன்னும் முக்கியம். அதை மறந்தால் ஸ்பர்ஷ் பென்ஷனை நிறுத்தும், பென்ஷன் நின்றால் தவணை திரும்பும், சிபில் இறங்கும். மூன்று மாதத் தவணையை அந்தக் கணக்கிலேயே எப்போதும் தூங்கவிடுவது இதற்காகத்தான். பென்ஷனை நீதிமன்றம் ஜப்தி செய்ய 1871-ஆம் ஆண்டு சட்டம் விடாது. வீட்டுக்கு அந்தக் கவசம் இல்லை, சர்ஃபேசி சட்டத்தில் வங்கி நேரடியாகக் கைவைக்கலாம்.

கடைசித் தவணை கட்டியதும் அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தரவேண்டும், தாமதத்துக்கு நாளுக்கு 5,000 ரூபாய் வங்கி கொடுக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரம் வந்துவிட்டதென்று பீரோவில் வைத்துவிடாதீர்கள். வங்கியிலிருந்து ஆளை வரவழைத்து, அதே சார் பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணத்தைப் பதிந்து எம்.ஓ.டி.யை ரத்து செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து வில்லங்கத்தை எடுத்துப் பாருங்கள், அந்த ரசீது பதிவு அதில் ஏறியிருக்கவேண்டும்.